பதினெட்டில் ஒரு பங்கு குளிர்ச்சி

மே மாதம், பிற்பகல் மூன்று மணி. மதுரை கீழவாசல், விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாக் கடைகளில் கூட்டம் குறையாத நேரம். "சாதாவா, ஸ்பெஷலா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் டம்ளர் பாதி நிறைந்திருக்கும். அடியில் ஊறவைத்த பாதாம் பிசினும் கடல்பாசியும். அதன்மேல் நன்னாரி சர்பத். பிறகு சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த, லேசாகப் பழுத்த நிறத்துப் பால். எல்லாவற்றுக்கும் மேலே ஐஸ்கிரீம். நீளக் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கி நீட்டுவதற்குள் டம்ளரின் வெளிப்புறம் வேர்த்துவிடும். முதல் வாய் உள்ளே போனதும் 'அப்பாடா' என்றிருக்கும்.

அந்த 'அப்பாடா'வை நம்பலாமா? பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு டம்ளர் குளிர்பானம் 250 மில்லி, வெப்பநிலை 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போய் உடம்பின் 37 டிகிரிக்கு வரவேண்டுமானால் 32 டிகிரி ஏறவேண்டும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கலோரி. 250-ஐ 32-ஆல் பெருக்கினால் 8,000 கலோரி, அதாவது 8 கிலோ கலோரி. அவ்வளவுதான் அந்த டம்ளர் உடம்பிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை விடாமல் உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. டம்ளர் எடுத்த சூட்டை அது ஐந்தரை நிமிடத்தில் திரும்ப உண்டாக்கிவிடும். கடைக்குக் காசு கொடுத்துச் சில்லறை வாங்கும் நேரம்கூட அதற்குள் முடிந்திருக்காது.

ஆனால் அதே 250 மில்லி தண்ணீர் வியர்வையாகித் தோலின்மேல் முழுதாக ஆவியானால் கதை வேறு. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். அதைத் தோலிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். 250 கிராமுக்கு 145 கிலோ கலோரி. உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு மணி நாற்பது நிமிடம் உண்டாக்கும் வெப்பம் அது. டம்ளரின் 'ஜில்' தருவது ஒரு பங்கு என்றால், டம்ளரில் இருக்கும் தண்ணீர் தருவது பதினெட்டுப் பங்கு. தண்ணீர் ஜில்லென்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பதினெட்டு மாறாது. கோடையில் ஊர்சுற்றப் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் இது ஒன்றுதான் என்பேன்.

அப்படியானால் ஐஸ் போட்டதைக் கண்டால் மட்டும் ஏன் அத்தனை ஆசை? தாகம் என்பது தண்ணீர்க் குறையை அளக்கும் வெறும் மானி இல்லை. குடித்த தண்ணீர் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்து மூளைக்குச் செய்தி போகப் பத்து நிமிடத்துக்கு மேலாகும். தாகமோ ஒரு நிமிடத்திலேயே அடங்கிவிடுகிறது. தண்ணீர் வந்துசேரும் என்ற நம்பிக்கையில் மூளை முன்பணம் கொடுத்துவிடுகிறது. கலிபோர்னியாவில் ஜகரி நைட்டின் ஆய்வுக்கூடம் 2016-இல் எலிகளின் மூளையில் தாகத்துக்கான நரம்பணுக்களை நேரடியாகக் கவனித்தது. எலி தண்ணீரை நக்கத் தொடங்கியதுமே அவை அடங்கத் தொடங்கின. குளிர்ந்த தண்ணீருக்கு இன்னும் நன்றாக அடங்கின. அதைவிட வேடிக்கை, தண்ணீரே இல்லாமல் குளிர்ந்த உலோகத் துண்டு ஒன்றை நக்கியபோதும் அவை சற்று அடங்கின. அறுவை சிகிச்சை முடிந்து தண்ணீர் குடிக்கக் கூடாத நோயாளிக்கு வாயில் ஒரு சின்ன ஐஸ் துண்டை வைப்பதன் சூட்சுமமும் இதுவே. வாய் குளிர்ந்தால் போதும், தாகம் பாதி தீர்ந்தது என்று மூளை எழுதிக்கொள்கிறது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நல்ல வெயிலில் நாலு வாய் ஐஸ் தண்ணீரோடு தாகம் அடங்கிவிட்டதாகத் தோன்றும். உடம்புக்கு வேண்டிய தண்ணீர் அப்போது பாதிகூட உள்ளே போயிருக்காது.

வாய்க்கு ஒரு கணக்கு என்றால் வயிற்றுக்கு வேறொரு கணக்கு. "வெயிலுக்குச் சூடா ஒரு டீ குடி, உடம்பு குளிரும்" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லும் பெரியவரைப் பார்த்துச் சிரிக்காதவர் குறைவு. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் ஓலி ஜேயின் குழு 2012-இல் இதைச் சோதித்தது. சைக்கிள் மிதிப்பவர்களுக்கு 1.5, 10, 37, 50 டிகிரித் தண்ணீரைக் கொடுத்து உடம்பில் தேங்கும் வெப்பத்தை அளந்தார்கள். 50 டிகிரித் தண்ணீர் குடித்தபோதுதான் தேங்கிய வெப்பம் குறைவு. சூடான தண்ணீர் உடம்புக்குள் கொண்டுவந்த வெப்பத்தைவிட, அதனால் கூடுதலாகச் சுரந்த வியர்வை வெளியே கொண்டுபோன வெப்பம் அதிகம். ஐஸ் தண்ணீர் குடித்தபோது வியர்வை குறைந்தது. கிடைத்த குளிர்ச்சியை அந்தக் குறைவே சாப்பிட்டுவிட்டது. வியர்வையைக் கூட்டவும் குறைக்கவும் உத்தரவு போடும் உணரிகள் வாயில் இல்லை, வயிற்றுப் பகுதியில் இருக்கின்றன என்று அதே குழு 2014-இல் காட்டியது. தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்தபோது வியர்வையில் மாற்றம் இல்லை. குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் விட்டபோது மாறியது.

ஆகவே பெரியவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் அவர் எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து சொல்கிறார் என்பதையும் பார்க்கவேண்டும். சுரக்கிற வியர்வை ஆவியானால்தான் லாபம். சொட்டுச் சொட்டாக வழிந்து சட்டையை நனைக்கும் வியர்வையால் பெரிய பயன் கிடையாது. அந்தச் சோதனையே காற்றோட்டமுள்ள, ஈரப்பதம் குறைந்த அறையில் நடந்தது.

இந்த இடத்தில் மதுரையையும் ராமேஸ்வரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உதாரணத்துக்கு மதுரையில் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம். ராமேஸ்வரத்தில் 34 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று கொள்வோம். செய்தியில் இரண்டு எண்களையும் கேட்பவர் ராமேஸ்வரத்துக்கே டிக்கெட் எடுப்பார். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியோ வேறு மாதிரி சொல்லும். மதுரையில் அது ஏறக்குறைய 26 டிகிரிக்கு இறங்கும். ராமேஸ்வரத்தில் 30-க்குக் கீழே போகாது. ஆவியாதலால் எவ்வளவு தூரம் குளிரமுடியும் என்பதற்கு அந்த எண்தான் எல்லை. மண்பானைத் தண்ணீருக்கும் அதே எல்லை. மதுரைப் பக்கம் திண்ணையில் வைத்த பானை ஜில்லென்று இருப்பதும், கடலோரத்தில் அதே பானை ஏதோ தண்ணீர் என்ற அளவில் நின்றுவிடுவதும் இதனால்தான். தோலும் ஒருவகையில் பானை மாதிரி கசிகிற பரப்புத்தான். கொதிக்கக் கொதிக்க டீயை மதுரையில் குடிக்கலாம். ராமேஸ்வரத்துப் பக்கம் பாம்பனில் அடைத்த கடைக்குள் புழுக்கத்தில் குடித்தால் சட்டை நனைவதுதான் மிச்சம். கடற்காற்று படும் வெளிப் பெஞ்சு கிடைத்தால் மட்டும் அங்கேயும் ஒரு கிளாஸ் சொல்லலாம்.

பெஞ்சு என்றதும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சாலையோரக் கடைகளில் நம்மை உண்மையிலேயே குளிர்விக்கும் சாமான் அந்தப் பெஞ்சுதான். உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்கு 800 முதல் 1,000 வாட் வரை கொட்டுகிறது. அதில் நிற்கும் உடம்பு, தானாக உண்டாக்கும் 100 வாட்டுக்குமேல் சில நூறு வாட்டை வெளியிலிருந்தும் வாங்கிக்கொள்கிறது. நடந்தால் உடம்பின் சொந்த உற்பத்தியே இரண்டு மூன்று மடங்காகிவிடும். வேப்பமர நிழலில் பெஞ்சில் உட்கார்ந்த கணமே இந்த இரண்டு வரவும் நின்றுபோகின்றன. மேலே ஒரு காற்றாடி சுற்றினால் வியர்வையும் ஆவியாகத் தொடங்கும். கால் மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்தாறு டம்ளர் ஐஸ் தண்ணீருக்குச் சமமான சூடு உடம்பில் ஏறாமல் தப்பிக்கிறோம். நின்றபடியே ஒரு பாட்டிலைக் காலி செய்துவிட்டு அடுத்த கோபுரத்தைப் பார்க்க ஓடும் சுற்றுலாக்காரர், ஒரு பங்கை வாங்கிக்கொண்டு பதினெட்டை விட்டுவிட்டுப் போகிறார்.

ஜிகர்தண்டாவுக்கு வருவோம். அது தாகத்துக்கான பானமா என்று கேட்டால் இல்லை என்றே சொல்வேன். சர்க்கரை அதிகமான பானம் வயிற்றிலிருந்து குடலுக்கு மெதுவாகத்தான் இறங்கும். அதைக் குடித்த அரை மணியில் மறுபடி தாகம் எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதைக் குளிர் மறைத்துவிடுகிறது, ஏனெனில் இனிப்பை உணரும் நாக்கின் அணுக்கள் சூட்டில் சுறுசுறுப்பாகவும் குளிரில் மந்தமாகவும் வேலை செய்பவை. டம்ளரின் கடைசி வாயை அப்படியே வைத்திருந்து சூடானபின் சுவைத்துப் பாருங்கள். இதையா குடித்தோம் என்று திகட்டும். இனிப்புப் பலகாரம் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பதே முறை.

பலகாரம் என்ற வகையில் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம். கடல்பாசியையே எடுத்துக்கொள்வோம். சைனாகிராஸ் என்றும் அகர் என்றும் கடையில் கேட்டு வாங்கும் இது, கடலுக்குள் வளரும் சிவப்புப் பாசியிலிருந்து வருகிறது. மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரக் கரையோரப் பெண்கள் மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் தரும் பாசிகள். மதுரையைச் சுற்றி அவற்றைக் காய்ச்சி அகர் எடுக்கும் ஆலைகளும் உண்டு. தண்ணீரில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் அகரைப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டால், அதன் நீளச் சர்க்கரைச் சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு வலையாகி, மீதி 99 பங்குத் தண்ணீரையும் உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். விசித்திரம் என்னவென்றால், இது 40 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் உறையும். ஆனால் ஒருமுறை உறைந்ததை உருக்க 85 டிகிரி வரை சூடேற்றவேண்டும். எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினோ 35 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும். சித்திரை மாதத்து மதுரைக் கடையில் ஜெலட்டின் ஜெல்லியை வெளியே வைத்தால் சாயங்காலம் கரண்டிக்குப் பதில் உறிஞ்சுகுழல்தான் கொடுக்கவேண்டியிருக்கும்.

அகரின் இந்தக் குணத்தை அறிவியலுக்குக் கொண்டுபோனவர் சமையலறையிலிருந்து வந்தார். 1881-இல் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸே, ஜெலட்டின்மேல் வளர்த்த கிருமிகள் கோடையில் ஜெலட்டின் உருகி வீணாவதால் அவதிப்பட்டார். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, ஜாவாவில் இருந்துவந்த குடும்ப நண்பர்களிடம் கற்ற அகர் ஜெல்லியை வீட்டில் செய்துவந்தவர். அதையே போட்டுப் பார்க்கச் சொன்னார். காசநோய்க் கிருமியைப் பற்றிய கோக்கின் 1882 அறிவிப்பில் அகர் இடம்பெற்றது. இன்றைக்கும் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது, ஜிகர்தண்டாவில் வழுக்கிக்கொண்டு போகும் அதே பொருள்தான்.

பாதாம் பிசின் வேறு வகை. மரப்பட்டையில் காயம் பட்ட இடத்தில் கசிந்து காயும் கோந்து அது. ராத்திரி நாலு கட்டியை ஊறப்போட்டால் காலையில் கிண்ணம் நிறைந்துவிடும். சுவை என்று ஒன்றும் கிடையாது. கண்ணாடித் துண்டுகள் மாதிரி தண்ணீரைத் திடப்பொருளாக்கிக் காட்டுவதே அதன் வேலை. அது உடல் சூட்டைத் தணிக்கும் என்பார்கள். தண்ணீரைச் சுமந்து வருவதைத் தாண்டி அதில் வெப்பமானி காட்டும் குளிர்ச்சி ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். நன்னாரி வேரின் வாசனைக்கு மட்டும் ஒரு வாக்கியமாவது தந்தாக வேண்டும். அந்த வாசனை மூலக்கூறும் வெனிலா வாசனையின் மூலக்கூறும் அதே 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்களால் ஆனவை. அணுக்கள் உட்கார்ந்திருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது. வெனிலா ஐஸ்கிரீம் பழகிய பிள்ளைகள் நன்னாரியை முதல்முறை குடிக்கும்போதே முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வதில் இதற்கும் பங்கிருக்கலாம்.

தாகத்துக்கென்றே மதுரையில் வேறு ஏற்பாடு இருக்கிறது, அதற்குக் காசும் கிடையாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். நீர்மோரில் உப்பு, பானகத்தில் வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், சில வீடுகளில் ஒரு சிட்டிகை உப்பும். குடல் சுவரில் சர்க்கரையையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு நுழைய இரண்டு சோடியம் துணைக்கு வரவேண்டும். அவை போகும் பின்னாலேயே தண்ணீரும் போகும். உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் சொன்ன இந்த யோசனையின்மேல் எழுந்ததுதான் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல். வியர்த்து உப்பை இழந்துவிட்டு நிற்பவருக்கு நீர்மோர் ஒரு டம்ளரும் பானகம் ஒரு டம்ளரும் கொடுப்பவர், அந்த வாசலின் இரண்டு சாவியையும் கையில் கொடுக்கிறார்.

மோரில் தட்டிப்போட்ட பச்சைமிளகாயும் சும்மா இல்லை. 43 டிகிரிக்கு மேல் சூடுபட்டால் விழித்துக்கொள்ளும் நரம்பு உணரியை மிளகாயின் காரமும் எழுப்பிவிடும். உடம்பு சூடு என்று நம்பி நெற்றியில் வியர்வையை அனுப்பும். அதே திருவிழாவில் தோல்பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அழகர்மேல் பீய்ச்சும் பக்தர்களின் கூட்டத்தில் அகப்பட்டு நனைந்தவர்கள் கோபப்பட வேண்டாம். தோலின்மேல் விழுந்த தண்ணீர் ஆவியாகி அதே 580 கலோரியைக் கொண்டுபோகும். உடம்பின் சொந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் செலவில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயம். செரிப்பதற்கும் உடம்பு வெப்பம் உண்டாக்குகிறது. மாவுச்சத்தில் கிடைக்கும் ஆற்றலில் 5 முதல் 10 சதவீதம் அப்படிப் போகும். புரதத்தில் 20 முதல் 30 சதவீதம். கறிதோசையும் சுக்கா வறுவலும் மதுரைக்காரர்கள் ராத்திரிக்கென்று வைத்திருப்பதை விளக்க இது மட்டும் போதாது. ஆனால் மத்தியானம் ஒரு மணிக்கு முழு அசைவச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சதவீதங்கள் தெரியாமலே புரிந்திருக்கும். மத்தியானத்துக்குக் கம்மங்கூழும் மோர்மிளகாயும் போதும்.

மதுரையிலிருந்து தெற்கே இறங்கி, தூத்துக்குடியைத் தாண்டித் திருச்செந்தூர், உடன்குடிப் பக்கம் போனால் கடையே தேவையில்லை. பனை இருக்கிறது. பூவுக்கும் காய்க்கும் என்று மரம் மேலே அனுப்பும் சர்க்கரை நீரை, பாளையின் நுனியைத் தினமும் மெல்லியதாகச் சீவி, கலயம் கட்டிப் பிடித்துக்கொள்கிறார் பனையேறி. தரை காய்ந்து கிடக்கும் மாதங்களில்தான் இந்த வரத்து. கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பில்தான் எல்லாம் இருக்கிறது. காற்றில் வரும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சர்க்கரையைக் கண்டால் விடாது. சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பு சேர்ந்து காரத்தன்மை ஏறிய நீரில் அவற்றால் வேலை செய்ய முடியாது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. பூச்சு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட கள்.

பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, அதில் நுங்கை நசுக்கிப் போட்டுக் குடிப்பதே அங்கே வழக்கம். நுங்கு என்பது இன்னும் முடிவெடுக்காத விதை. முதலில் வெறும் நீர், அதன் ஓரங்களில் மெல்ல ஒரு வழுவழுப்பு படிந்து சதையாகும், விட்டுவைத்தால் கல்லாகும். அந்த வழுவழுப்புக்குக் காரணமான சர்க்கரைச் சங்கிலி, ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமலிருக்கச் சேர்க்கும் கொத்தவரைக் கோந்தின் இனத்தைச் சேர்ந்தது. ஐஸ்கிரீம் ஆலை பொடியாக வாங்கிச் சேர்ப்பதைப் பனை நேரடியாகக் குலையிலேயே வைத்திருக்கிறது.

பதநீர் வாங்குவதற்கு முன், காலையில் இறக்கியதுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்து மணிக்குமேல் வெயிலில் நின்ற குடம் என்றால் ஒருமுறை மோந்து பார்ப்பது நல்லது. சுண்ணாம்பு குறைந்திருந்தால் மூக்கு முதலில் சொல்லும். விற்காமல் மிஞ்சியது மாலையில் கொப்பரையில் கொதித்துக் கருப்பட்டியாகும். அதைப் போட்டு அங்கே தரும் காபி தனிக் கதை. நுங்குக்கு இளசாக வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். வெட்டுபவர் காயைப் பார்த்தே தேர்ந்து எடுப்பார். கட்டைவிரலை உள்ளே விட்டதும் தண்ணீர் பீய்ச்சவேண்டும். பீய்ச்சாமல் விரலை எதிர்த்தால் அது முற்றிப்போன 'கடுக்காய்'. "அண்ணே, வேற வெட்டுங்க" என்றால் மாற்றிக் கொடுப்பார்.